மும்பையில் மனுஷனுக்கே இடமில்லை, சிறுத்தைக்கு எதற்கு நூறு சதுர கிலோமீட்டர்?

கேள்வி மும்பையின் பாண்டுப் பகுதியில் குடியிருக்கும் ஒருவருடையது: “பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் இருக்கிறோம். மலைக்கு அந்தப் பக்கம் சிறுத்தைக்கு மட்டும் நூறு சதுர கிலோமீட்டர். வனவிலங்குகளைக் காப்பாற்றுவதால் நம்மைப் போன்றவர்களுக்கு என்ன ஆகப்போகிறது?”

நியாயமான கேள்வி. ‘எல்லா உயிரும் இறைவன் படைப்பு’ என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் மாதாமாதம் வாடகை கட்டுகிறவருக்கு அது பதில் ஆகாது. அதனால் இரக்கத்தை ஓரமாக வைத்துவிட்டு வரவு செலவை மட்டும் பார்ப்போம். மும்பையில் ஒரு விலங்கு இல்லாமல் போனால் அதன் செலவு யாரோ ஒருவர் தலையில் வந்து விழுகிறது. பெரும்பாலும் அது பள்ளத்தில் குடியிருப்பவர் தலை.

முதலில் அந்த நிலத்தைப் பார்க்கலாம். சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா ஏறத்தாழ 104 சதுர கிலோமீட்டர். விஹார் ஏரியும் (1860) துளசி ஏரியும் (1879) அந்தக் காட்டுக்குள்தான் இருக்கின்றன. இதை ஊதிப் பெரிதாக்கவும் வேண்டாம்: நகரத்துக்குத் தண்ணீர் தரும் ஏழு ஏரிகளில் இவை இரண்டும் சிறியவை. குழாயில் வருவதில் பெரும்பங்கு பாட்சா, வைதர்ணா, தான்சா பக்கத்திலிருந்து வருகிறது. ஆனால் தான்சாவும் ஒரு வனவிலங்குச் சரணாலயத்துக்குள் இருக்கும் ஏரிதான். காட்டு நிலத்தில் விழுந்த மழைதான் நம் குடத்துக்கு வருகிறது.

குடிநீரைவிட வெள்ளக் கணக்கு முக்கியம். தஹிசர், பொய்சர், ஓஷிவாரா, மித்தி ஆகிய நான்கு ஆறுகளுக்கும் தலைப்பகுதி இந்த மலைகள். வருடத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழை, ஏறக்குறைய முழுவதும் ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. மரமும் சருகும் உள்ள மண் அதில் ஒரு பகுதியை உறிஞ்சி, மீதியை மெதுவாக விடும். அதே சரிவில் சிமெண்ட் போட்டால், பெய்த நீர் முழுவதும் ஒரே மூச்சில் நாலாவுக்கு, அதாவது ஊருக்குள் ஓடும் கால்வாய்க்கு, வந்து சேரும். பாண்டுப்பும் முலுண்டும் மலையடிவாரத்தில் இருப்பவை. நூறு சதுர கிலோமீட்டரில் வீடு கட்டினால் இடம் கிடைக்கும்தான். அந்த வீடுகளின் கூரைத் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

சரி, மரம் இருந்தால் போதாதா, சிறுத்தை எதற்கு? இரண்டு காரணங்கள். மரநாயும் பழந்தின்னி வௌவாலும் பழத்தைத் தின்று விதையைத் தூரத்தில் போடுகின்றன. மான்கள் மரக்கன்றுகளை மேய்கின்றன. மான் கூட்டம் கட்டுக்குள் இருக்க அதைத் தின்னும் மிருகம் வேண்டும். இது பாடப்புத்தகத்தில் இருக்கும் காரணம். நான் அதைவிடப் பெரிதாக நினைப்பது இரண்டாவது காரணத்தை. போரிவிலி, முலுண்ட் பக்கம் சதுர அடி என்ன விலைக்குப் போகிறது என்று உங்களுக்கே தெரியும். வெறும் மரம் நிற்கும் நிலம் அந்த விலைக்கு முன்னால் எத்தனை வருடம் தாக்குப்பிடிக்கும்? சிறுத்தை 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலில், இருக்கும் மிருகம். அது நடமாடும் இடம் என்று பதிவாகிவிட்டால், சாலை போடுவதற்கும் சுரங்கம் தோண்டுவதற்கும் ஒவ்வொரு மேஜையிலும் அனுமதி வாங்க வேண்டும். சம்பளம் வாங்காத வாட்ச்மேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பூங்காவிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் 2024-இல் எண்ணிய கணக்குப்படி 54 சிறுத்தைகள். 2015-இல் இது 35. எண்ணும் முறை எளிமையானது, ஆனால் பொறுமை வேண்டும். மிருகம் நடக்கும் பாதையின் இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்குக் கீழே, எதிரெதிராக இரண்டு கேமராக்கள் கட்டுவார்கள். ஒரே சிறுத்தையின் இடது விலாவில் இருக்கும் புள்ளிகளும் வலது விலாவில் இருப்பவையும் வேறு வேறு. ஒரு பக்கப் படம் மட்டும் இருந்தால் ஒரே மிருகத்தை இரண்டாக எண்ணிவிட வாய்ப்பு உண்டு. இரண்டு பக்கமும் கிடைத்துவிட்டால் கைரேகை மாதிரி ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.

இவ்வளவு சிறுத்தைகள் இந்தச் சிறிய காட்டில் எப்படி வயிறு வளர்க்கின்றன? மான் உண்டு, காட்டுப்பன்றி உண்டு. எச்சத்தை ஆராய்ந்தவர்கள், உணவில் ஏறத்தாழ கால்பங்கு தெருநாய் என்று கண்டிருக்கிறார்கள். 2018-இல் வந்த ஓர் ஆய்வு, இங்குள்ள சிறுத்தைகள் வருடத்துக்குச் சுமார் 1,500 நாய்களைத் தின்பதாகவும், அதனால் ஆயிரம் நாய்க்கடிகள் வரை தவிர்க்கப்படலாம் என்றும் மதிப்பிட்டது. இது கணக்குப் போட்டுச் சொன்ன மதிப்பீடு. ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் எண்ணியது அல்ல. எண் கூடலாம், குறையலாம். ஆனால் திசை சரிதான்: பூங்காவை ஒட்டிய இடங்களில் நாய் அடர்த்தி குறைவாகத்தான் இருக்கிறது.

நாய்க்கடி என்றால் என்ன செலவு என்பதையும் பார்த்துவிடுவோம். கடிபட்ட இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்கக் கூடாது. உடனே தையலும் போடக் கூடாது. முதல் ஊசி போடும் நாளை 0 என்று வைத்து, தசையில் போடும் ஊசி என்றால் 0, 3, 7, 14, 28 ஆகிய நாட்களில் ஐந்து முறை. தோலுக்குள் போடுவது என்றால் 0, 3, 7, 28 என்று நான்கு முறை. ரத்தம் வரும்படி கடித்திருந்தால் காயத்துக்குள்ளேயே இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்தும் போட வேண்டும். முதல் நாளே போடுவது நல்லது, தள்ளிப்போனாலும் ஏழு நாளுக்குள். முனிசிபல் ஆஸ்பத்திரியில் ஊசிக்குக் காசு வாங்க மாட்டார்கள். ஆனால் தினக்கூலிக்குப் போகிறவருக்கு ஐந்து நாள் வரிசையில் நிற்பது என்றால் ஐந்து நாள் கூலியில் அடி. பாதியில் விட்டவருக்கு ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் அதன் பிறகு ஏறக்குறைய மருந்தே கிடையாது.

‘நாயைத் தின்கிற மிருகம் நாளைக்குப் பிள்ளையைத் தூக்காதா?’ தூக்கியிருக்கிறது. 2004-இல் பூங்காவைச் சுற்றி வரிசையாகத் தாக்குதல்கள் நடந்தன. ஜூன் மாதத்தில் மட்டும் பத்துப் பேர் வரை இறந்தார்கள். அதைச் சின்ன விஷயம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அது ஏன் நடந்தது என்று தேடிப்போனபோது கிடைத்த பதில் எல்லோரையும் யோசிக்க வைத்தது. வேறு இடங்களில் பிடித்த சிறுத்தைகளைக் கொண்டுவந்து இந்தக் காட்டில் விட்டிருந்தார்கள். புனே மாவட்டம் ஜுன்னர் பகுதியில் வனவிலங்கு ஆய்வாளர் வித்யா ஆத்ரேயா குழுவினர் செய்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. அங்கே சிறுத்தைகளைப் பிடித்து இடம் மாற்ற ஆரம்பித்த பிறகு, மனிதர்கள் மீதான தாக்குதல் வருடத்துக்குச் சராசரி 4 என்பதிலிருந்து 17 ஆக ஏறியது.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். கூண்டில் மாட்டி, கூட்டத்தின் இரைச்சலைக் கேட்டு, லாரியில் குலுங்கி, தெரியாத காட்டில் இறக்கிவிடப்பட்ட மிருகம் அங்கே தங்காது. பழைய இடத்தை நோக்கி நடக்கும். வழியில் எங்கே தண்ணீர், எங்கே இரை, எந்த நேரத்தில் ஆள் நடமாட்டம் என்று அதற்குத் தெரியாது. காலியான இடத்துக்கோ ஒரு வருடம்கூடத் தாங்காமல் இன்னொரு சிறுத்தை, பெரும்பாலும் அனுபவமில்லாத இளம் வயதுச் சிறுத்தை வந்துவிடும். ஊர் பழகிய கிழடு போய் முரட்டுப் பயல் வந்து உட்கார்ந்த கதைதான். ‘பிடித்துக்கொண்டு போய் எங்காவது விடுங்கள்’ என்று சொசைட்டிகள் மனு கொடுக்கும்போது கேட்பது இதைத்தான்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? எங்கே பிரச்சினை தொடங்குகிறது என்று பாருங்கள். பூங்காச் சுவரை ஒட்டிய சந்தில் ஒரு சிக்கன் கடை. இரவு கடை மூடும்போது தோலும் குடலும் பையோடு நாலா ஓரத்துக்குப் போகும். அரைமணி நேரத்தில் நாய்கள் வரும், பன்றி வரும், எலி வரும். நள்ளிரவுக்கு மேல் இவற்றைத் தேடிச் சிறுத்தை வரும். விடியற்காலை நாலரைக்குத் தண்ணீர் பிடிக்கவோ வெளிக்குப் போகவோ எழுந்த குழந்தை அதே சந்தில் நடக்கும். இதில் சிறுத்தையை நீக்கினால் அடுத்த சிறுத்தை வரும். நாயை நீக்கினால் பக்கத்துத் தெரு நாய் வரும். கழிவு நின்றால் மட்டும்தான் சங்கிலி அறுகிறது. வார்டு ஆபீசில் கேட்க வேண்டியவை இவைதான்: மூடியுள்ள குப்பைத்தொட்டி, கடை மூடும் நேரத்துக்கு வரும் கழிவு வண்டி, பொதுக் கழிப்பறைக்குப் போகும் வழி முழுவதும் விளக்கு, கழிப்பறைக்கு இரவிலும் தண்ணீர். கூண்டு கேட்டு மனுப் போடுவதைவிட இதற்குப் போடும் மனு உயிரைக் காக்கும்.

இருட்டிய பிறகு சின்னக் குழந்தைகளைத் தனியாக விடாதீர்கள். சிறுத்தை பதுங்கிப் பாயும் மிருகம். பெரும்பாலும் தன் உயரத்துக்குக் கீழே இருப்பதைத்தான் இரை என்று பார்க்கும். குந்தி உட்கார்ந்திருக்கும் பெரியவரும் அதன் கண்ணுக்குச் சிறிய உருவம்தான். இரண்டு மூன்று பேராகப் போங்கள், பேசிக்கொண்டோ மொபைலில் பாட்டு வைத்துக்கொண்டோ போங்கள். எதிரே பார்த்துவிட்டால் ஓடாதீர்கள், குனியாதீர்கள், கல் எறியாதீர்கள். நிமிர்ந்து நின்றபடி மெல்லப் பின்வாங்கி அதற்கு வழி விடுங்கள். கட்டடத்துக்குள் புகுந்துவிட்டால் கதவை வெளியிலிருந்து சாத்திவிட்டு, கூட்டத்தை விலக்கி, வனத்துறையின் 1926 எண்ணுக்குச் சொல்லுங்கள். இப்படிப்பட்ட நேரத்தில் காயம்படுகிறவர்களில் பலர், வீடியோ எடுக்க நெருங்கி நின்றவர்கள்தான்.

இந்த இடத்தில் சொல்லாமல் விட முடியாத ஒன்று உண்டு. காட்டைக் காக்கும் செலவை இதுவரை ஏழைகள்தான் அதிகம் கட்டியிருக்கிறார்கள். சூழல் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில் 1997-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும், பூங்காவுக்குள் இருந்த பல்லாயிரம் குடிசைகள் இடிக்கப்பட்டன. அதே காட்டைப் பார்த்த மாதிரி ஜன்னல் வைத்துக் கட்டிய கோபுரங்களுக்குக் கூடுதல் விலை கிடைத்தது. ‘நமக்கு என்ன ஆகப்போகிறது’ என்ற கேள்வியில் இருக்கும் கசப்புக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அந்தக் கோபம் சிறுத்தை மேல் திரும்ப வேண்டியதில்லை. பூங்காவை ஒட்டிய ஆரேயிலும் பூங்காவுக்குள்ளும் பாடாக்கள் என்ற சிற்றூர்களில் வாழும் வார்லி பழங்குடி மக்கள், வாகோபா என்று அதற்குச் சாமி வைத்துக் கும்பிட்டுக்கொண்டு, அதன் பாதையில்தான் பல தலைமுறையாக நடந்து வருகிறார்கள்.

ஒரு விலங்கு போனால் என்ன ஆகும் என்பதற்கு ஊகமே தேவைப்படாத ஓர் உதாரணம் கழுகு, அதாவது பிணந்தின்னிக் கழுகு. மாட்டுக்கு வலிக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்து, செத்த மாட்டின் உடலில் தங்கி, அதைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தை அழித்தது. யூரிக் அமிலம் வெள்ளைப் படிகமாக உள்ளுறுப்புகள் மேல் படிந்து இரண்டு மூன்று நாளில் சாவு. நூறு மாட்டில் ஒன்றுக்கும் குறைவானதில் அந்த மருந்து இருந்தாலே கூட்டம் அழியப் போதும். 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுக் கழுகு நம் நாட்டில் 99.9 சதவீதம் போய்விட்டது. மலபார் ஹில்லில் தூங்கர்வாடி என்ற இறுதிச் சடங்கு இடத்தில் பார்சி மக்கள் உடல்களைக் கழுகுக்கு வைக்கும் பழக்கம் தடுமாறி, சூரிய வெப்பத்தைக் குவிக்கும் கண்ணாடிகள் வைக்க வேண்டியதாயிற்று. கிராமங்களில் செத்த மாடுகளைத் தின்ன நாய்கள் பெருகின, மாட்டுப் பிணங்களை ஆற்றிலும் போட்டார்கள். கழுகு அதிகம் இருந்த மாவட்டங்களையும் இல்லாத மாவட்டங்களையும் ஒப்பிட்டு 2024-இல் வெளிவந்த பொருளாதார ஆய்வு ஒன்று, 2000 முதல் 2005 வரை கூடுதலாக ஐந்து லட்சம் மனிதச் சாவுகள் நிகழ்ந்ததாகக் கணக்கிட்டது. 2006-இல் கால்நடைக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. மெலாக்சிகாம் என்ற மாற்று மருந்து அப்போதே இருந்தது. கழுகு வருடத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். மருந்து நின்றவுடன் கூட்டம் திரும்பிவிடாது.

இனி தாராவி, சயான், குர்லா பக்கம் இருப்பவர்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள விஷயம்: அலையாத்திக் காடு, அதாவது மாங்குரோவ். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. மித்தி ஆற்றின் முகத்துவாரமும் கரைகளும் நிரப்பப்பட்டுச் சுருங்கியிருந்தன. அதற்கு மேல் கடலும் பொங்கியிருந்தது. தண்ணீருக்குப் போக இடமில்லை. அலையாத்தி இருந்திருந்தால் வெள்ளமே வந்திருக்காது என்று சொல்வது மிகை. அவ்வளவு மழையை எந்த மரமும் தாங்காது. ஆனால் ஓதம் (கடலின் ஏற்ற நீர்) ஏறி இறங்கும் சதுப்பு, நீர் பரவி நிற்க இடம் தருகிறது, அலையின் வேகத்தைக் குறைக்கிறது. அந்த இடத்தை மண் போட்டு உயர்த்தினால் அங்கே நிற்க வேண்டிய தண்ணீர் பக்கத்துக் குடிசைப் பகுதிக்குள் வந்து நிற்கும்.

இந்த மரத்தை வெட்டாமலே கொல்லலாம், பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறார்கள். மும்பையில் அதிகம் இருப்பது வெண்கண்டல். சேற்றில் காற்று கிடையாது என்பதால் அதன் வேர்கள் ஒரு சாண் உயரத்துக்குக் குச்சி குச்சியாக மேலே நீட்டி நிற்கும். அவற்றின் மேலுள்ள நுண்துளைகள் வழியாகத்தான் மரம் மூச்சு விடுகிறது. முதலில் ஒரு சிறிய மண்கரை போட்டு ஓதநீர் வரும் வாய்க்காலை அடைப்பார்கள். சில மாதங்களில் இலை மஞ்சளாகும். பிறகு ராத்திரியில் இடிபாட்டு லாரி வரும். வேர்க்குச்சிகள் மூடும் அளவுக்குக் கொட்டினால் போதும், மரம் மூச்சுமுட்டிச் செத்துவிடும். ‘மரம் தானாகப் பட்டுப்போயிற்று’ என்று சொல்லிக்கொள்ளலாம். அடுத்து தகரக் கொட்டகை, அதற்கடுத்து பிளாட். ஆகவே காய்ந்த மரத்தைப் பார்த்தால், எங்கே வாய்க்கால் அடைபட்டிருக்கிறது என்று முதலில் தேடுங்கள். அடைப்பை எடுத்துவிட்டால் பல இடங்களில் நட்டு வைக்காமலே காடு திரும்பிவிடும். ஓதம் வராத இடத்தில் ஆயிரம் கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்வதில் பயன் இல்லை.

இதன் வரவு மீன் மார்க்கெட்டிலும் தெரியும். சேற்று நண்டு, இறால், மடவை, கொடுவா எல்லாம் குஞ்சுப் பருவத்தில் இந்த வேர்களுக்கு நடுவில் ஒதுங்கி வளர்பவை.

பூநாரைகளைப் பற்றி எல்லோரும் ஆசையாகப் பேசுகிறார்கள். தானே கழிமுகத்தில் அவற்றுக்கென்றே 2015-இல் சரணாலயம் வந்தது, 2022-இல் அது ராம்சர் என்ற உலகச் சதுப்புநிலப் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் பூநாரை வந்துவிட்டதால் தண்ணீர் சுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். சிறு பூநாரைக்கு முக்கிய உணவு நீலப்பச்சைப் பாசி. அந்தப் பாசி செழிப்பதில் நம் சாக்கடைக்கும் பங்கு உண்டு. கழிவு ஓர் அளவைத் தாண்டினால் அதே பாசி கெட்டுப் பறவையும் போய்விடும். இன்னொன்று: நீர் வற்றும்போது சேற்றில் மேய்ந்துவிட்டு, ஓதம் ஏறும்போது அவை நவி மும்பைப் பக்கத்துக் குட்டைகளில் ஒதுங்குகின்றன. ஒதுங்கும் குட்டையை மூடிவிட்டு மேயும் இடத்தை மட்டும் சரணாலயம் ஆக்கினால் பாதிக் காரியம்தான் ஆகியிருக்கிறது. 2024 மே மாதம் காட்கோபர் மேலே விமானத்தில் மோதி 39 பூநாரைகள் விழுந்தபோது, அவை ஒதுங்கும் குட்டைகள் என்ன நிலையில் இருக்கின்றன என்ற கேள்வியும் கூடவே எழுந்தது.

வீட்டில் பச்சைக்கிளியோ நட்சத்திர ஆமையோ வளர்ப்பவர்களுக்கு ஒரு வரி: இரண்டும் சட்டப்படி குற்றம், ‘வாஸ்துவுக்காக’ என்றாலும்.

அலையாத்தியில் மண் கொட்டுவதைப் பார்த்தால் செய்ய வேண்டியது: லாரியை மறிக்கப் போகாதீர்கள். தூரத்திலிருந்து வண்டி எண் தெரியும்படி ஒரு படம், இடம் தெரியும்படி இன்னொரு படம். மொபைலில் இருப்பிடம் பதியும் அமைப்பைப் போட்டுவிட்டு எடுங்கள். கூகுள் எர்த்தில் அதே இடத்தின் பழைய வருடப் படங்களைப் பார்க்கலாம். அப்போது பச்சையாக இருந்தது தெரிந்தால் அதையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தேதி, நேரம், பக்கத்து அடையாளம் எழுதி, மாநில வனத்துறையின் மாங்குரோவ் பிரிவு, மாவட்ட கலெக்டர், வார்டு ஆபீஸ் மூன்றுக்கும் ஒரே மனுவை அனுப்பி, ஒவ்வொன்றிலும் பெற்றுக்கொண்டதற்கான எண் வாங்குங்கள். 2018 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அலையாத்தியை அழிப்பது அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழும் உரிமையை மீறுவது என்று தீர்ப்பளித்திருக்கிறது. அதைச் சுற்றி 50 மீட்டருக்குள் கட்டடமும் கூடாது. மனுவில் இந்த இரண்டையும் எழுதுங்கள். தனியாக ஒருவர் கொடுப்பதைவிட சால் (வரிசை வீட்டுக் குடியிருப்பு) கமிட்டி அல்லது சங்கத்தின் பெயரில் பத்துப் பதினைந்து கையெழுத்தோடு கொடுத்தால், உள்ளூர் ஆட்கள் ஒருவரை மட்டும் குறிவைத்து மிரட்டுவதும் குறையும்.